கல்லூரியில் பசுமை அரசியலை ஒரு பாடமாகக் கொண்டுவருவது எப்படி?

தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் அரசியல் அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பசுமை அரசியலை, அதாவது சுற்றுச்சூழலைச் சுற்றி நடக்கும் சட்டம், இயக்கம், கட்சி, கோட்பாடு பற்றிய படிப்பை, தனிப் பேப்பராக வைக்க வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும். அது ஏன் தேவை என்று இங்கே வாதாடப் போவதில்லை.

முதல் முயற்சியில் நான் தோற்றேன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பதினோரு பக்கக் குறிப்பு எழுதி, பருவநிலை மாற்றத்தில் ஆரம்பித்து காந்தியில் முடித்து, கல்லூரி முதல்வர் மேசையில் வைத்தேன். அவர் முதல் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "சார், இது எந்தப் பார்ட்ல வருது? எத்தனை கிரெடிட்? யாரோட ஹவர் குறையும்?" என்று கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன்.

பிறகு வேறு கல்லூரிகளில் நண்பர்கள் முயன்றபோதும் அதே மேசையில்தான் தடுக்கி விழுந்தார்கள். கொள்கைக்காக இந்தப் பேப்பரை எதிர்ப்பவர்கள் மிகக் குறைவு. நேர அட்டவணை, ஒர்க்லோடு, வினாத்தாள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கவலை இருக்கிறது. அவற்றைச் சரியான வரிசையில் தீர்த்துக்கொண்டே போனால் ஆதரவு தானாகச் சேரும்.

1. கல்லூரி தன்னாட்சியா, இணைப்பா?

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் உங்கள் வளாகத்திலேயே இருக்கின்றன. புதிய பேப்பரை அங்கேயே முடிவு செய்யலாம்.

பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். உங்கள் முதல்வர் மனப்பூர்வமாகச் சம்மதித்தாலும் புதிய பேப்பரை அவரால் நுழைக்க முடியாது. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவில் இணைப்புக் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் உறுப்பினர்களாக இருப்பார்கள். அவர்களில் ஒருவரைப் பிடிக்க வேண்டும். அதுவரைக்கும் படி 5-இல் சொல்லும் சான்றிதழ் படிப்பை நடத்திக்கொண்டிருக்கலாம்.

2023-இல் மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டது. உங்கள் கல்லூரி அதை எந்த அளவுக்குப் பின்பற்றுகிறது என்பதைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "மாதிரியில் இல்லையே" என்ற வாதம் கூட்டத்தில் கட்டாயம் வரும்.

2. முதல்வர் அறைக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரே ஒரு பக்கம் போதும். அதில் ஐந்து விஷயம்: எந்தப் பார்ட் (பாடத்திட்டத்தின் எந்தப் பிரிவு), எத்தனை கிரெடிட், வாரம் எத்தனை மணி, யார் நடத்துவார், எந்தப் பழைய பேப்பருக்குப் பதிலாக வருகிறது.

கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மொத்தக் கிரெடிட் வரையறுக்கப்பட்டது, வாரத்துக்கு 30 மணி நேரமும் வரையறுக்கப்பட்டது. ஒன்று நுழைய வேண்டும் என்றால் ஒன்று வெளியே போக வேண்டும், அல்லது விருப்பப்பாடப் பட்டியலில் கூடுதல் தேர்வாக நிற்க வேண்டும். இரண்டாவது வழிதான் சுலபம். அதில் யாருடைய பேப்பரும் பறிபோவதில்லை.

ஆகவே மேஜர் பேப்பராகக் கேட்காதீர்கள். வேறு துறை மாணவர்கள் எடுக்கும் நான்-மேஜர் எலெக்டிவாகக் கேளுங்கள். வழக்கமாக 2 கிரெடிட், வாரம் 2 மணி. 15 வாரத்துக்கு 30 மணி நேரம், ஐந்து அலகு, அலகுக்கு ஆறு மணி. இந்தக் கணக்கை அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கணக்கு தெளிவாக இருந்தால் கேட்பவர்களுக்கு பயம் பாதி குறையும்.

புதிய பணியிடம் கேட்காதீர்கள். அந்த வார்த்தை வந்த நிமிஷமே கோப்பு நிதிப் பக்கம் போய்விடும். அங்கிருந்து அது திரும்பி நான் பார்த்ததில்லை.

3. பெயரில் நேரம் செலவழியுங்கள்

"பசுமை அரசியல்" என்று அஜெண்டாவில் எழுதினால் நம் ஊரில் இரண்டு தவறான அர்த்தம் வரும். ஒன்று, மரம் நடும் விழா. இன்னொன்று, கட்சி. பசுமை என்ற சொல்லைப் பெயரில் வைத்திருக்கும் கட்சி சார்ந்த அமைப்பே இங்கே இருக்கிறது. "கல்லூரிக்குள் கட்சி அரசியலா?" என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்டுவிட்டால் அதற்குப் பதில் சொல்லியே ஒரு வருஷம் ஓடிவிடும்.

பேப்பரின் பெயர் "சூழலும் அரசியலும்" என்று இருக்கட்டும். பசுமை அரசியல் கோட்பாடு என்ற சொற்கள் அலகுத் தலைப்புகளில் தாராளமாக வரலாம். இது ஏமாற்று வேலை என்று ஒரு நண்பர் என்னிடம் சண்டை போட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அலகுத் தலைப்புகளைக் குழு உறுப்பினர்கள் எல்லோரும் வரி வரியாகப் படிக்கிறார்கள், எதுவும் மறைக்கப்படவில்லை.

4. இ.வி.எஸ். (சுற்றுச்சூழல் கல்வி) பேப்பரோடு எல்லையை வரையுங்கள்

"சுற்றுச்சூழல் கல்விதான் ஏற்கெனவே எல்லோருக்கும் கட்டாயமாச்சே, இன்னொன்று எதற்கு?" இந்தக் கேள்வி வராத கூட்டத்தை நான் பார்த்ததில்லை. உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் 1991-இல் பிறப்பித்த உத்தரவின் தொடர்ச்சியாக வந்ததுதான் அந்தக் கட்டாயப் பாடம். அதைக் குறை சொல்லி ஆரம்பிக்காதீர்கள். அதை நடத்தும் தாவரவியல், விலங்கியல் ஆசிரியர்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரே உதாரணத்தை இரண்டு விதமாகக் காட்டுவதுதான் பலிக்கிறது. நான் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்வேன். சாயக்கழிவில் என்ன உப்பு இருக்கிறது, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய தண்ணீர் மண்ணை என்ன செய்தது என்பதெல்லாம் இ.வி.எஸ். கேள்விகள்.

அந்த ஆலைகளுக்கு அனுமதி கொடுத்தது யார்? கீழ்மடை விவசாயிகள் வழக்குப் போட ஏன் வேண்டிவந்தது? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது வேலை இழந்த தொழிலாளிக்கு யார் பதில் சொல்வது? விவசாயியும் சாயப்பட்டறைத் தொழிலாளியும் இரண்டு பேரும் ஏழைகள் என்றால் அரசு யார் பக்கம் நிற்க வேண்டும்? இவை நம் பேப்பரின் கேள்விகள்.

இதைச் சொன்னதும் விலங்கியல் துறைத் தலைவர் ஒருவர், "கடைசிக் கேள்வியை என் பசங்க என்கிட்ட கேப்பாங்க சார், நான் சமாளிச்சுட்டு அடுத்த யூனிட்டுக்குப் போயிடுவேன்" என்றார். அன்றிலிருந்து அவர் எங்கள் பக்கம்.

5. முதலில் 30 மணி நேரச் சான்றிதழ் படிப்பு

நேராகப் பாடத்திட்டக் குழுவுக்குப் போவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அதற்கு முந்தைய ஒரு வருஷம் இதே பாடத்தை 30 மணி நேரச் சான்றிதழ் படிப்பாக நடத்துங்கள். இதற்கு முதல்வரின் அனுமதியும் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.யின் ஒப்புதலும் பெரும்பாலும் போதும்.

ஐ.க்யூ.ஏ.சி. ஒருங்கிணைப்பாளர் உங்கள் இயல்பான கூட்டாளி. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்குத் தரும் அறிக்கையில் சுற்றுச்சூழல், நிலைத்தன்மை போன்ற விஷயங்கள் பாடத்திட்டத்தில் எப்படி இடம்பெறுகின்றன என்று காட்டியாக வேண்டும். கூடுதல் சான்றிதழ் படிப்புகள் எத்தனை என்றும் ஒரு கட்டம் நிரப்ப வேண்டும். இரண்டு கட்டத்தையும் உங்கள் படிப்பு நிரப்பிக் கொடுக்கிறது. இதை அவரிடம் வெளிப்படையாகவே சொல்லலாம், தப்பில்லை.

மாணவர்களிடம் "சுற்றுச்சூழல் படிக்க விருப்பமா?" என்று கருத்துக்கணிப்பு எடுக்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்றுதான் டிக் அடிப்பார்கள். சனிக்கிழமை காலை வகுப்பு என்று அறிவித்துவிட்டு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பாருங்கள். நாலாவது வாரத்திலும் வருபவர்களின் எண்ணிக்கைதான் உண்மையான எண்ணிக்கை. வருகைப் பதிவேடு, ஒப்படைப்புகள், கடைசி நாள் கருத்துப் படிவம் மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

மாணவர்கள் கேட்பது ஒரே கேள்வி: இதைப் படித்தால் வேலைக்கு உதவுமா? பதில் தயாராக இருக்கட்டும். குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் மூன்றாவது பொது அறிவுத் தாளில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு இருக்கிறது. அரசியல் அறிவியல் விருப்பப்பாடத்தின் முதல் தாளில் சுற்றுச்சூழல் இயக்கங்களும், இரண்டாம் தாளில் உலகளாவிய பிரச்சினைகளின் கீழ் சுற்றுச்சூழலும் வருகின்றன. இதை அறிவிப்புப் பலகையில் போட்ட வாரம் எங்களுக்கு நாற்காலி பற்றவில்லை.

6. ஐந்து அலகுகளை அடுக்கும் முறை

எல்லோரும் கோட்பாட்டில் ஆரம்பித்து உள்ளூரில் முடிக்கிறார்கள். செமஸ்டர் எப்போதும் கடைசி அலகு முடியாமலே முடியும். அதாவது உள்ளூர்ப் பகுதிதான் ஒவ்வொரு வருஷமும் பலியாகிறது. அதனால் தலைகீழாக அடுக்குங்கள்.

முதல் அலகில் உங்கள் மாவட்டத்து வழக்கு ஒன்று. வேலூர்ப் பக்கம் என்றால் தோல் ஆலைகளும் பாலாறும். அந்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பதையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. கொடைக்கானல் என்றால் 2001-இல் மூடப்பட்ட பாதரச வெப்பமானி ஆலை. டெல்டா என்றால் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக நடந்த போராட்டமும் 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும். தூத்துக்குடியில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மட்டும் ஒரு எச்சரிக்கை: வகுப்பில் இருப்பவர்களில் சிலர் 2018 மே 22-இல் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உறவினரை இழந்திருக்கலாம். விவாதத்தை விட முதலில் கேட்பதற்கு இடம் கொடுங்கள்.

இரண்டாம் அலகு சட்டமும் நிறுவனங்களும். சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் பொறுப்பு, குடிமக்களின் கடமை என்று சொல்லும், 1976-இன் 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்த 48ஏ, 51ஏ(ஜி) பிரிவுகள், 1986-இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 2006-இன் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 2010-இன் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம். வழக்கைப் பார்த்துவிட்டுச் சட்டத்துக்கு வரும் மாணவன், பிரிவு எண்ணை மனப்பாடம் செய்வதற்கு முன்பே அது எதற்கு என்று புரிந்துகொள்கிறான்.

மூன்றாம் அலகு பசுமைக் கட்சிகள். 1972-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் தோன்றிய பசுமைக் கட்சியில் ஆரம்பித்து, 1980-இல் கார்ல்ஸ்ரூவே நகரில் உருவான ஜெர்மன் பசுமைக் கட்சிக்கு வாருங்கள். 1983-இல் அது 5.6 சதவீத வாக்கோடு நாடாளுமன்றத்துக்குள் போனது. இங்கே நிறுத்தி, அதே 5.6 சதவீதம் தமிழ்நாடு முழுக்கப் பரவிக் கிடந்தால் சட்டமன்றத்தில் எத்தனை இடம் கிடைக்கும் என்று கேளுங்கள். வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்துக்கும், தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவரே ஜெயிக்கும் நம் முறைக்கும் உள்ள வித்தியாசம் பத்து நிமிஷத்தில் புரிந்துவிடும். இந்தியாவில் சூழல் அரசியல் கட்சியாக நிற்காமல் இயக்கமாகவும் வழக்காகவும் நிற்பதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று என்பதும் அப்போதே பிடிபடும்.

நான்காம் அலகில்தான் கோட்பாடு. நார்வே தத்துவ அறிஞர் ஆர்னே நாயெஸ் 1973-இல் முன்வைத்த ஆழ்சூழலியல் (மனிதனுக்குப் பயன்படுவதைத் தாண்டியும் இயற்கைக்கு மதிப்பு உண்டு என்ற சிந்தனை), அதற்கு வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1989-இல் எழுதிய மறுப்பு. காட்டை மனிதரில்லாத இடமாகப் பாதுகாக்கும் அமெரிக்கச் சிந்தனையை இங்கே கொண்டுவந்தால் அதன் விலையை ஏழைகளே கொடுக்க நேரும் என்பது குஹாவின் வாதம். மலையடிவாரக் கல்லூரிகளில் இதை நடத்திப் பாருங்கள், பாடம் தானாக நடக்கும். அதோடு ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்து, கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்த பொருளாதார அறிஞர். நிலைத்த பொருளாதாரம் பற்றி 1945-லேயே எழுதியவர். நம் பாடத்திட்டங்களில் அவர் பெயர் இவ்வளவு அரிதாக இருப்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

ஐந்தாம் அலகு களப்பணி. அதற்குத் தேர்வுக் கேள்வி வேண்டாம், இன்டர்னல் மதிப்பெண் மட்டும்.

தமிழ்த் துறை நண்பர்கள் ஐந்திணையைச் சேர்க்கச் சொல்வார்கள். ஒரு மணி நேரம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். குறிஞ்சிப் பூவைப் பற்றிப் பேசிவிட்டு குவாரி ஏலத்தைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது.

7. மாணவன் எதைப் படிப்பான்?

பாடத்திட்டக் குழுவின் வெளி நிபுணர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார். அங்கே பதினெட்டு ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தால், "இதில் எத்தனை நம்ம லைப்ரரியில் இருக்கு?" என்பார். பதில் பூஜ்யம் என்றால் உங்கள் முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

தமிழில் படிக்க ஒன்றுமில்லை என்பது உண்மையில்லை. தேட வேண்டிய இடம்தான் வேறு. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் சுருக்கத்தை வட்டார மொழியிலும் தர வேண்டும் என்பது விதி. அந்தத் தமிழ்ச் சுருக்கம் பதினைந்து இருபது பக்கம் இருக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் தேடுங்கள். கிடைக்காததை 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும், அதனால் செமஸ்டருக்கு முன்பே மனு போட்டுவிடுங்கள்.

அந்த ஆவணத்தை வகுப்பில் எப்படிப் படிப்பது என்று ஒரு சின்ன உதாரணம். ஒரு குவாரித் திட்டத்தின் சுருக்கத்தில் "அருகிலுள்ள குடியிருப்பு" என்ற வரியில் ஒரு ஊரின் பெயரும் தூரமும் இருந்தன. இரண்டாம் ஆண்டு வணிகவியல் மாணவி ஒருத்தி எழுந்து, "சார், எங்க காலனி அதைவிடக் கிட்ட இருக்கு. இதுல இல்லையே" என்றாள். எந்த வீடு வரைபடத்தில் வரும், எந்த வீடு வராது என்று அடுத்த ஒரு மணி நேரம் பேசினோம். சூழல் அநீதி என்ற சொல்லை நான் அன்று விளக்கவே இல்லை, அவர்களே அங்கே வந்து சேர்ந்தார்கள்.

8. யாரை எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் உங்கள் துறைத் தலைவர். அவரைத் தாண்டிப் போனது பின்னால் தெரிந்தால் எல்லாம் முடிந்தது. அடுத்து இ.வி.எஸ். நடத்தும் துறைகள், பிறகு ஐ.க்யூ.ஏ.சி., அதற்குப் பிறகுதான் முதல்வர். உதவி பெறும் கல்லூரி என்றால் செயலரிடம் முதல்வரே பேசட்டும், நீங்கள் போக வேண்டாம்.

இந்த வரிசைக்குக் காரணம், முதல்வர் உங்களிடம் "மற்றவங்க என்ன சொல்றாங்க?" என்றுதான் கேட்பார். அப்போது மூன்று பேரின் சம்மதம் கையில் இருக்க வேண்டும்.

ஒர்க்லோடு பேச்சை நேராக எடுத்துப் பேசுங்கள். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் என்பது யு.ஜி.சி. கணக்கு. உங்கள் 2 மணி எங்கிருந்து வருகிறது என்று காட்டுங்கள். இன்னொருவரின் 2 மணியைச் சாப்பிடவில்லை என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். குறிப்பாகக் கௌரவ விரிவுரையாளர்களின் மணி நேரத்தில் கை வைத்துவிடாதீர்கள். அது அவர்களின் சோறு.

களச் செயற்பாட்டாளர் ஒருவரை அழைத்து முதல் நிகழ்ச்சியிலேயே பேசவைப்பது இன்னொரு தவறு. அவர் சொல்வது நியாயமாகவே இருக்கும். ஆனால் மறுநாள் செய்தியில் கல்லூரி பெயர் வந்தால் நிர்வாகம் கதவைச் சாத்திவிடும். பேப்பர் ஒப்புதல் ஆகி இரண்டாவது வருஷம் கூப்பிடுங்கள், அப்போது எதிர்த் தரப்பு ஆள் ஒருவரையும் சேர்த்து.

9. பாடத்திட்டக் குழு நாள்

புதிய கல்வியாண்டுக்குப் பல மாதம் முன்பே கூட்டத் தேதியைத் தெரிந்துகொள்ளுங்கள். தேதி தவறினால் ஒரு வருஷம் போச்சு. குழுவில் துறை ஆசிரியர்களோடு வெளி நிபுணர்கள், துணைவேந்தர் நியமித்த ஒருவர், தொழில்துறைப் பிரதிநிதி, முன்னாள் மாணவர் என்று இருப்பார்கள். வெளி நிபுணர்களுக்கு ஒரு வாரம் முன்பே வரைவை அனுப்பி, "எதைக் குறைக்கலாம்?" என்று கேளுங்கள். கருத்து சொன்னவர் கூட்டத்தில் தன் கருத்துக்காகவே பேசுவார்.

தொழில்துறைப் பிரதிநிதியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எங்கள் கூட்டத்தில் மிகவும் உதவியவர் அவர்தான். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அனுமதி வாங்க அலைந்த கதையைச் சொல்லி, "இதைப் படிச்ச பையன் ஒருத்தன் எங்களுக்கு வேணும்" என்றார்.

மாதிரி வினாத்தாள் ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். இந்தப் பாடத்தில் எல்லாமே கருத்துதானே, எப்படி மதிப்பெண் போடுவது என்ற சந்தேகத்தை அது தீர்த்துவிடும். முடிந்ததும் மினிட்ஸில் பாடக் குறியீட்டு எண் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். எண் இல்லாத பேப்பரை மாணவர் பதிவுப் படிவத்தில் காட்ட முடியாது. வாய்மொழியாக ஒப்புதல் வாங்கிவிட்டு ஜூனில் தலையில் கை வைத்தவரை எனக்குத் தெரியும்.

10. ஒப்புதலுக்குப் பிறகு முதல் இரண்டு வருஷம்

பேப்பர்கள் செத்துப்போவது இங்கேதான். அரசுக் கல்லூரியில் இடமாறுதல் கலந்தாய்வில் ஆசிரியர் கிளம்பினால் பாடமும் கிளம்பிவிடும். முதல் நாளிலிருந்தே இரண்டு பேர் நடத்துங்கள், இரண்டாமவர் பொருளியல் துறையாக இருந்தால் இன்னும் நல்லது. அலகு வாரியான தமிழ்க் குறிப்பு, கேள்வி வங்கி, மதிப்பீட்டுத் திறவுகோல் எல்லாம் துறைக் கணினியில் இருக்கட்டும், உங்கள் பென் டிரைவில் அல்ல.

களப்பணியைக் கிராம சபையோடு இணைத்தால் தனிச் செலவு இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தேதிகள் முன்பே தெரியும். மாணவர்கள் அவரவர் ஊருக்கே போவதால் பேருந்து ஏற்பாடும் வேண்டாம். நகரத்து மாணவர்களை நண்பரின் ஊருக்கு ஜோடியாக அனுப்புங்கள்.

எதிர்ப்புக் குரல் கொடுக்கச் சொல்லி அனுப்பாதீர்கள். தண்ணீர், குப்பை, ஏரி, மணல் பற்றி யார் பேசினார், யார் பேசவில்லை, எது தீர்மானமாக ஏறியது என்று இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள். போகும் முன் ஊராட்சித் தலைவருக்கும் ஊராட்சிச் செயலருக்கும் கல்லூரிக் கடிதம் ஒன்று கொடுத்துவிடுங்கள். கடிதம் இல்லாமல் நோட்டும் பேனாவுமாக நின்ற எங்கள் மாணவர் ஒருவரை நிருபர் என்று நினைத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு பக்கத்தை அவர் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து எழுதினார். உள்ளே இருந்து வெளியே வந்தவர்களிடமெல்லாம் கேட்டு எழுதியது அது. அந்த பேட்ச்சில் அதிக மதிப்பெண் அதற்குத்தான் போட்டேன்.